'ஆம்' என்போர் வென்றனர்: சடங்கும் அதிகாரமும் குறித்துச் சில குறிப்புகள்

1

பாராளுமன்றச் சடங்குகளைக் கேலி செய்வதுதான் இன்றைக்கு நமக்கு மிகச் சுலபமாகக் கைவரும் அரசியல் விமர்சனம். பெரிய படிப்பெல்லாம் இதற்கு வேண்டியதில்லை. அல்வாக் கடாயைக் கிண்டும் நிதியமைச்சரின் புகைப்படம் ஒன்று, செங்கோல் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடக்கும் பிரதமரின் புகைப்படம் ஒன்று, இரண்டும் கையிலிருந்தால் போதும். 'எல்லாம் நாடகம் சார்' என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்து முடிக்கலாம். இடதுசாரி நண்பர் இதைக் காலனிய எச்சம் என்பார். பகுத்தறிவு நண்பர் மூடத்தனம் என்பார். இரண்டிலும் சேராத நடுத்தர வர்க்கத்து நண்பருக்கு இது நேர விரயம், வரிப்பண விரயம். மூன்று பேரும் மூன்று பாதையில் நடந்து ஒரே இடத்தில் வந்து சந்திக்கிறார்கள்: இந்தச் சம்பிரதாயங்களைத் தூக்கிக் கடாசினால் காரியம் நடக்கும்.

எனக்கும் இந்த எரிச்சல் உண்டு. பாராளுமன்ற நேரலையை மணிக்கணக்கில் பார்க்கும் கெட்ட பழக்கம் பல வருஷமாக என்னிடம் இருக்கிறது. பதினொரு மணிக்கு அவை கூடும். கூச்சல். பன்னிரண்டுவரை ஒத்திவைப்பு. பன்னிரண்டுக்குக் காகிதங்கள் 'மேசைமீது வைக்கப்படும்'. வைக்கிற அமைச்சர் பல சமயம் மேசைப் பக்கம் போவதுகூட இல்லை; எழுந்து நின்று சொன்னால் வைத்ததாக அர்த்தம். மறுபடி கூச்சல். இரண்டு மணிவரை ஒத்திவைப்பு. இரண்டு மணிக்கு ஒரு மசோதா, நாலைந்து நிமிஷத்தில் சட்டமாகிற வழியில் பாதி தூரம் போய்விடும். இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்குக் கோபம் வராவிட்டால்தான் ஆச்சரியம்.

ஆனால் 'காரியம் நடக்கும்' என்கிறோமே, யாருடைய காரியம்? இந்தக் குறிப்புகள் அந்தக் கேள்வியைச் சுற்றியவை. சடங்கின்மீது நமக்குள்ள எரிச்சலும் ஓர் அரசியல் சக்திதான். அதை யார் அறுவடை செய்துகொள்கிறார்கள் என்று பார்க்காமல் விட்டால், நாம் வெறுக்கிற சடங்குகள் பெருகும். நமக்கு வேண்டிய சடங்குகள் சத்தமில்லாமல் செத்துப்போகும். டெல்லியில் நடந்துகொண்டிருப்பது இதுதான் என்பது என் வாதம்.

2

சடங்கு பற்றி மேற்கே மூன்று பேர் சொன்னதை முதலில் நினைவுபடுத்திக்கொள்ளலாம்.

ஆங்கில அரசியல் சட்டத்தைப் பற்றி 1867இல் நூல் எழுதிய வால்டர் பேஜட், அரசு அமைப்பில் இரண்டு பகுதி உண்டு என்றார். ஒன்று மகுடம், ஊர்வலம் என்று மக்களின் மரியாதையைச் சம்பாதித்துத் தருகிற கம்பீரப் பகுதி. இன்னொன்று, அந்த மரியாதையைச் செலவழித்து உண்மையிலேயே வேலை நடத்துகிற பகுதி, அதாவது அமைச்சரவை. பேஜட் கணக்கில் சடங்கு என்பது சனங்களை வேடிக்கை பார்க்க வைத்துவிட்டுப் பின்கட்டில் ஆட்சி நடத்துவதற்கான திரை. நம் டீக்கடை விமர்சனம் தெரிந்தோ தெரியாமலோ பேஜட்டின் பேரப்பிள்ளைதான்.

அல்தூஸர் வேறு பக்கமிருந்து வருகிறார். நம்பிக்கை மனசுக்குள் முதலில் இருந்து, பிறகு சடங்காக வெளியே வருவதில்லை. உடம்பு பழகிய சடங்கிலிருந்துதான் நம்பிக்கையே பிறக்கிறது என்ற பாஸ்கலின் பழைய யோசனையை எடுத்துக் கருத்தியலின் பௌதிக இருப்பைப் பேசினார். மூன்றாமவர் ஃபிரிட்ஸ் ஸ்டால். 1975இல் கேரளத்துப் பாஞ்ஞாளில் நடந்த அக்னிசயன வேள்வியைப் படம்பிடித்து ஆராய்ந்த டச்சு அறிஞர். சடங்குக்கு அர்த்தமே கிடையாது, அது விதிகள் மட்டுமே, செய்கிறவர்களின் கவனமெல்லாம் பிசகாமல் செய்வதில்தான் என்று ஒரே போடாகப் போட்டார்.

மூவரிடமும் எனக்குப் போதாத ஒன்று இருக்கிறது. சடங்கை ஏமாற்றாகவோ பழக்கமாகவோ இலக்கணமாகவோ பார்க்கும் இந்தப் பார்வைகளில், சடங்கு யாரைக் கட்டுகிறது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. தமிழ்ச் சூழலில் இந்தக் கேள்வியைக் காரியமாகவே கேட்டவர்கள் சுயமரியாதைக்காரர்கள். புரோகிதச் சடங்கைத் தூக்கியெறிந்தவர்கள், கல்யாணத்தில் சடங்கே வேண்டாம் என்று போகவில்லை. மாலை, மோதிரம் அல்லது தாலி, நாலு பேர் முன்னால் ஓர் உறுதிமொழி என்று வேறொரு சடங்கைச் செய்தார்கள். 1967இல் தமிழகச் சட்டமன்றம் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்த்த 7ஏ பிரிவு அதற்குச் சட்ட வடிவம் கொடுத்தது. அதில் முக்கியமான இடம், சம்பந்தப்பட்டவர்களுக்குப் புரிகிற மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்ல வேண்டும் என்பது. சொல்கிறவருக்குப் புரிய வேண்டும். சொல்லாமல் இருக்கவும் அவரால் முடிய வேண்டும். இரண்டு பேரையும் ஒரே மாதிரி கட்ட வேண்டும்.

இதையே அளவுகோலாக வைத்துக்கொண்டு அரசின் சடங்குகளை இரண்டாகப் பிரிக்கிறேன். அதிகாரத்தில் இருக்கிறவனைக் கட்டுகிற சடங்கு, அதில் 'இல்லை' என்று சொல்ல யாருக்காவது இடம் உண்டு. அதிகாரத்தைக் காட்டுகிற சடங்கு, அதில் கைதட்டத்தான் இடம் உண்டு. கட்டும் சடங்கு, காட்டும் சடங்கு. பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒரே மாதிரி அலுப்பைத் தரும். சிக்கலே அங்கேதான்.

3

குடியரசுத் தலைவர் உரையை எடுத்துக்கொள்வோம். அரசியல் சட்டத்தின் 87ஆம் பிரிவு. முதலில் ஒவ்வொரு கூட்டத்தொடரின் தொடக்கத்திலும் இந்த உரை இருக்க வேண்டும் என்றிருந்தது. 1951இல் முதல் திருத்தத்தின் வழியே பொதுத்தேர்தலுக்குப் பிந்தைய முதல் தொடர், ஒவ்வோர் ஆண்டின் முதல் தொடர் என்று குறைத்தார்கள். குதிரைப்படை, எக்காளம், ஊர்வலம். பிறகு ஒரு மணி நேரம் போல வாசிப்பு. 'எனது அரசு இதைச் செய்தது, எனது அரசு அதைச் செய்யும்.' அந்த 'எனது' யாருடையது? எழுதியது அமைச்சரவை. வாசிப்பவருக்கு அதில் ஒரு கால்புள்ளியைக்கூட மாற்ற முடியாது. ஆசிரியனின் மரணம் பற்றி ரோலண்ட் பார்த்தை வைத்து நம்மூரில் எத்தனை கட்டுரைகள் வந்தன! அதற்கு இதைவிடச் சுத்தமான பிரதி கிடையாது. எழுதியவர்கள் எதிரே உட்கார்ந்து மேசையைத் தட்டுகிறார்கள். எழுதாதவர் 'நான்' என்று வாசிக்கிறார்.

கேலிக்கு ரொம்ப வசதியான காட்சி. நானும் இதை வைத்து நண்பர்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஆனால் இந்தச் சடங்கு உடையும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். மாநிலத்தில் இதற்கு இணையான சடங்கு ஆளுநர் உரை, 176ஆம் பிரிவு. 1969 மார்ச்சில் மேற்கு வங்க ஆளுநர் தர்ம வீரா, ஐக்கிய முன்னணி அரசு எழுதிக்கொடுத்த உரையில் தன் பழைய செயலைக் கண்டித்த பத்திகளை வாசிக்காமல் விட்டார். 2023 ஜனவரி 9ஆம் தேதி சென்னையில் ஆளுநர் ஆர்.என்.ரவி, அச்சிட்ட உரையில் பெரியார், அம்பேத்கர், காமராஜர், அண்ணா பெயர்கள் வந்த பகுதியைத் தாண்டிப் போனார். அச்சிட்ட உரை மட்டுமே அவைக்குறிப்பில் இடம்பெற வேண்டும் என்று முதல்வர் தீர்மானம் கொண்டுவர, தேசிய கீதம் பாடும் முன்பே ஆளுநர் வெளியேறினார். 2025 ஜனவரி 6ஆம் தேதி உரையை வாசிக்காமலேயே போய்விட்டார்.

அதுவரை 'கிளிப்பிள்ளை வாசிப்பு' என்று கேலி செய்த அதே வாய்கள் அன்றைக்கு 'எழுதிக் கொடுத்ததை அப்படியே வாசிக்கணும்' என்று கத்தின. சரியாகவே கத்தின. அந்த அலுப்பான வாசிப்புக்குள் ஒரு கட்டு இருந்திருக்கிறது. டெல்லி நியமித்து அனுப்பிய ஆள், தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் எழுதியதைத் தன் வாயால், 'எனது அரசு' என்று சொல்லித்தான் ஆக வேண்டும் என்ற கட்டு. வாசிப்பவருக்குச் சொந்தக் குரல் இல்லை என்பதே அந்தச் சடங்கின் அரசியல் உள்ளடக்கம்.

இதே சடங்கில் இன்னொரு வாசலும் உண்டு. உரைக்கு நன்றி சொல்லும் தீர்மானத்துக்கு உறுப்பினர்கள் திருத்தம் கொடுக்கலாம். 2015 மார்ச்சில் மாநிலங்களவையில் சீதாராம் யெச்சூரி கொடுத்த கறுப்புப் பணம், ஊழல் பற்றிய திருத்தம் வென்றது. 2016இல் குலாம் நபி ஆசாத்தின் திருத்தம் வென்றது. அரசு கவிழவில்லை, ஆனால் அரசு எழுதிய புகழுரையின் வாலில் 'இதைச் செய்யத் தவறிவிட்டீர்கள்' என்ற ஒரு வாக்கியம் ஒட்டிக்கொண்டது. நன்றி சொல்கிற சடங்குக்குள்ளேயே 'இல்லை' என்று சொல்ல வழி வைத்திருக்கிறார்கள் என்பது சாதாரண விஷயமில்லை.

4

இப்போது மையமான இடத்துக்கு வருகிறேன். குரல் வாக்கெடுப்பு.

'ஆம் என்போர் ஆம் என்க. இல்லை என்போர் இல்லை என்க. ஆம் என்போர் வென்றனர் என்று நினைக்கிறேன். ஆம் என்போர் வென்றனர், ஆம் என்போர் வென்றனர்.' நேரலை பார்க்கிறவர்களுக்கு இது மந்திரம் மாதிரி மனப்பாடம். இதில் நாம் கவனிக்காமல் விடுவது 'நினைக்கிறேன்' என்ற சொல். சபாநாயகர் முதலில் ஓர் அபிப்பிராயம்தான் சொல்கிறார். அதை ஓர் உறுப்பினர் மறுத்து 'எண்ணுங்கள்' என்று கேட்டால் எண்ண வேண்டும். மக்களவையின் 367ஆம் விதிப்படி, தேவையில்லாமல் கேட்கிறார்கள் என்று சபாநாயகர் கருதினாலும்கூட, இரு தரப்பையும் எழுந்து நிற்கச் சொல்லித் தலையையாவது எண்ணியாக வேண்டும். 'நினைக்கிறேன்' என்பதற்கும் 'வென்றனர்' என்பதற்கும் நடுவே விடுகிற அந்த இரண்டு விநாடி இடைவெளிதான் சடங்கின் உயிர். ஏலக்காரர் 'ஒரு தரம், ரெண்டு தரம்' என்று நிறுத்துகிறாரே, அது போல. யாராவது கேட்கலாம் என்பதற்காக விடுகிற இடைவெளி.

எண்ணினால் என்ன ஆகும்? 1999 ஏப்ரல் 17. அதிமுக ஆதரவை விலக்கிய பிறகு வாஜ்பாய் அரசு நம்பிக்கை வாக்குக் கோரியது. ஆதரவாக 269, எதிராக 270. ஒரே ஒரு வாக்கில் அரசு விழுந்தது. குரலை வைத்துத் தீர்மானித்திருந்தால் அந்த ஒரு வாக்கு யார் காதில் விழுந்திருக்கும்? கூச்சலில் பெரும்பான்மைக்கும் சிறுபான்மைக்கும் ஒரே தொண்டைதான். எண்ணும்போதுதான் ஆள் ஆளாகிறான்.

2020 செப்டம்பர் 20, மாநிலங்களவை. மூன்று வேளாண் மசோதாக்களில் இரண்டு அன்றைக்கு வந்தன. தேர்வுக் குழுவுக்கு அனுப்பக் கோரி தீர்மானம் கொடுத்தவர்களில் திருச்சி சிவாவும் ஒருவர். எண்ணிக்கை வாக்கெடுப்பு கேட்டார்கள். பெருங்கூச்சலுக்கு நடுவே துணைத் தலைவர் ஹரிவன்ஷ் குரல் வாக்கெடுப்பிலேயே முடித்தார். கேட்டவர்கள் தங்கள் இருக்கையில் இல்லை, அவையில் ஒழுங்கு இல்லை என்பது பிறகு சொன்ன விளக்கம். இருக்கையிலிருந்தே கேட்டோம் என்பது அவர்களின் பதில். அதற்கு ஆதாரமாக அவையின் காட்சிப் பதிவும் பத்திரிகைகளில் அலசப்பட்டது. மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம். பாராளுமன்றப் புல்வெளியில் ராத்திரி முழுக்கத் தர்ணா. அடுத்த நாள் காலையில் துணைத் தலைவர் பையில் டீ எடுத்துக்கொண்டு போய் அவர்களுக்குக் கொடுத்தார். பிறகு ஒருநாள் உண்ணாவிரதமும் அறிவித்தார்.

இந்த வரிசையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். எண்ண வேண்டும் என்ற கட்டும் சடங்கு கைவிடப்பட்டது. அந்த இடத்தில் டீ உபசாரம், உண்ணாவிரதம் என்ற காட்டும் சடங்குகள் இரண்டு வந்து உட்கார்ந்தன. தலையை எண்ணச் சொன்னதற்கு டீ கிடைத்தது. அந்த டீயைத்தான் பிரதமர் பாராட்டினார்.

விளைவு நமக்குத் தெரியும். ஒரு வருஷத்துக்கும் மேல் டெல்லி எல்லையில் விவசாயிகள். எழுநூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்ததாக விவசாயச் சங்கங்கள் சொல்லின. 2021 நவம்பர் 19ஆம் தேதி பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றிச் சட்டங்களைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். நவம்பர் 29ஆம் தேதி இரண்டு அவைகளிலும் சில நிமிஷங்களில், விவாதமே இல்லாமல், ரத்து மசோதா நிறைவேறியது. ஏன் கொண்டுவந்தார்கள் என்று அவையில் ஒழுங்காகப் பேசவில்லை. ஏன் எடுத்தார்கள் என்றும் பேசவில்லை. எண்ணிப் பார்த்திருந்தாலும் அரசு ஜெயித்திருக்கலாம். ஆனால் யார் 'ஆம்' என்றார், யார் 'இல்லை' என்றார், யார் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்பது பெயர் பெயராகப் பதிவாகியிருக்கும். பஞ்சாபிலோ தஞ்சாவூரிலோ ஒரு விவசாயி தன் கட்சிக்காரரைப் பிடித்து 'நீ அன்னிக்கு என்ன சொன்னே?' என்று கேட்டிருக்க முடியும். குரல் வாக்கெடுப்பு அழித்தது அந்தக் கேள்வியை. 2025 ஏப்ரலில் வக்ஃப் திருத்த மசோதா மக்களவையில் நள்ளிரவு தாண்டி வாக்கெடுப்புக்கு வந்தபோது 288க்கு 232 என்று எண்ணினார்கள். எதிர்த்தவர்கள் தோற்றார்கள். ஆனாலும் 232 என்ற எண் அவைக்குறிப்பில் இருக்கிறது. தோல்விக்கும் ஒரு பதிவு வேண்டியிருக்கிறது; நாளைய வாதம் அங்கிருந்துதான் தொடங்கும்.

இது ஒரு கட்சியின் பாவம் மட்டும்தான் என்று எழுதினால் கை தட்டுவார்கள். அது உண்மையில்லை. 2014 பிப்ரவரி 18ஆம் தேதி காங்கிரஸ் அரசு தெலங்கானா மசோதாவை மக்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றியபோது நேரடி ஒளிபரப்பே நின்றுபோயிருந்தது. தொழில்நுட்பக் கோளாறு என்றார்கள். அந்த மசோதாவைப் பிரதான எதிர்க்கட்சியான பாஜகவும் ஆதரித்தது. 2004 ஜூனில் மக்களவை நன்றித் தீர்மானத்தைப் பிரதமர் மன்மோகன் சிங்கின் பதிலுரை இல்லாமலேயே நிறைவேற்ற வேண்டியிருந்தது. பேசவிடாமல் தடுத்தவர்கள் அன்றைய எதிரணி. கட்டும் சடங்கை அவிழ்ப்பதில் இரண்டு பக்கமும் கை பழகியிருக்கிறது. வேகம்தான் இப்போது கூடியிருக்கிறது.

5

பணத்துக்கு வருவோம். பட்ஜெட்டைப் போலச் சடங்கு மண்டிய விஷயம் டெல்லியில் வேறில்லை. 1950இல் பட்ஜெட் கசிந்ததால் அச்சு வேலையைக் குடியரசுத் தலைவர் மாளிகையிலிருந்து மின்டோ சாலை அச்சகத்துக்கு மாற்றினார்கள். 1980இல் நார்த் பிளாக்கின் அடித்தளத்துக்கு. அல்வா கிண்டி எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, பட்ஜெட் வேலையில் இருப்பவர்களை உள்ளே வைத்துப் பூட்டுவது வழக்கம். 1999இல் வாசிக்கும் நேரம் மாலை ஐந்திலிருந்து பகல் பதினொன்றுக்கு மாறியது. 2017இல் தேதி பிப்ரவரி 1 ஆனது. ரயில்வே பட்ஜெட் இதற்குள் கரைந்தது. தோல் பெட்டி 2019இல் சிவப்புத் துணி சுற்றிய கணக்குப் பொதியானது. 2021இல் அந்தத் துணிக்குள் கணினிப் பலகை வந்தது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் 'காலனியம் ஒழிந்தது' என்று ஒரு பேச்சு.

சரி, அல்வா காக்கிற ரகசியம் எது? 2017 ஜூலையிலிருந்து மறைமுக வரியில் பெரும்பகுதி சரக்கு-சேவை வரிக் குழுவில் முடிவாகிறது. பெட்ரோல், டீசல் கலால் வரியைப் பட்ஜெட்டுக்கு வெளியே ஓர் அறிவிக்கையால் ஏற்றலாம், இறக்கலாம். பலமுறை அப்படித்தான் செய்திருக்கிறார்கள். வியாபாரி முன்கூட்டியே தெரிந்துகொண்டு பதுக்கக் கூடாது என்பதற்காக வந்த பூட்டு. பதுக்கத் தகுந்த ரகசியத்தில் பாதிக்கு மேல் வீட்டைவிட்டுப் போய்விட்டது. பூட்டும் அல்வாவும் நிலைத்துவிட்டன. 2024 ஜூலையில் ராகுல் காந்தி அல்வாப் புகைப்படத்தை மக்களவைக்குக் கொண்டுவந்து, இதில் தலித், ஆதிவாசி, பிற்படுத்தப்பட்ட அதிகாரி ஒருவர்கூட இல்லையே என்று கேட்டார். நிதியமைச்சர் கையால் முகத்தை மூடிக்கொண்டார். கடாயைச் சுற்றி யார் நிற்கிறார்கள் என்பது சரியான கேள்விதான். ஆனால் அல்வாவுக்குப் பிறகு அவையில் என்ன நடக்கிறது என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

பாராளுமன்றம் என்ற அமைப்பே 'குறையைக் கேள், பிறகு பணம் தருகிறோம்' என்ற பேரத்தில் வளர்ந்தது. ஒவ்வோர் அமைச்சகமும் அவைமுன் வந்து 'இவ்வளவு வேண்டும்' என்று கேட்க வேண்டும். அதற்குப் பெயரே மானியக் கோரிக்கை. அரசு கையேந்தி நிற்கிற ஒரே சடங்கு இது. உறுப்பினர் வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். கொள்கையே பிடிக்கவில்லை என்றால் அந்தக் கோரிக்கையை ஒரு ரூபாயாகக் குறைக்கச் சொல்லலாம். குறிப்பிட்ட குறை இருந்தால் அடையாளமாக நூறு ரூபாய் வெட்டச் சொல்லலாம். பல ஆயிரம் கோடிக்கு எதிரே ஒரு ரூபாய்! கட்டும் சடங்குக்கு இதைவிட அழகான உதாரணம் எனக்குத் தெரியாது.

இன்றைக்கு இந்தச் சடங்கு எப்படி முடிகிறது? கில்லட்டின். பிரெஞ்சுப் புரட்சியில் தலை வெட்டிய கருவியின் பெயர். கடைசி நாளில், பேசாமல் மிச்சமிருக்கும் கோரிக்கைகளை எல்லாம் ஒன்றாகக் கட்டி வாக்கெடுப்புக்கு விடுவார்கள். விதிவிலக்காக வந்தது விதியாகிவிட்டது. 2018 மார்ச் 14ஆம் தேதி நிதி மசோதா உட்பட முழு பட்ஜெட்டும் மக்களவையில் அரை மணி நேரத்தில், விவாதமில்லாமல் நிறைவேறியது. அன்றைக்கு அவையின் நடுவே நின்று கோஷம் போட்டவர்களில் காவிரி மேலாண்மை வாரியம் கேட்ட அதிமுக உறுப்பினர்களும் உண்டு. கோரிக்கை நியாயமானது. ஆனால் அந்தக் கூச்சலுக்கு அடியில்தான் நீர்வளத் துறையின் பணமும் ஒரு வார்த்தை கேட்கப்படாமல் போனது. 2023 மார்ச் 23ஆம் தேதி சுமார் 45 லட்சம் கோடி ரூபாய்ச் செலவுக்கு விவாதமின்றி ஒப்புதல். மறுநாள் நிதி மசோதாவுக்கும் அப்படியே. எதிரணி அதானி விவகாரத்தில் கூட்டுக்குழு கேட்டது. ஆளுங்கட்சி ராகுல் காந்தி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றது. ஆளுங்கட்சியே அவையை முடக்கிய அபூர்வக் காட்சி. 1993இலிருந்து துறைவாரி நிலைக்குழுக்கள் இந்தக் கோரிக்கைகளைப் பரிசீலித்து அறிக்கை தருகின்றன என்பது உண்மை. ஆனால் அது அறைக்குள் நடக்கிற காரியம். சபையில் நின்று கேட்பதும் பதில் சொல்வதும் வேறு.

கூச்சல் போடுவது, நடுவே இறங்குவது, பதாகை பிடிப்பது, வெளிநடப்பு: எதிர்ப்பும் ஒரு சடங்குத் தொகுப்பாகிவிட்டது. இதைச் சொன்னால் எதிர்ப்பாளர்கள் கோபிப்பார்கள். ஆனால் கூச்சல், குரல் வாக்கெடுப்புக்கு இடைஞ்சலே இல்லை. அதற்குத் தோதான தட்பவெப்பம் அதுதான். கூச்சலில் இடைவெளி கேட்காது. இடைவெளி கேட்காவிட்டால் 'எண்ணுங்கள்' கேட்காது.

6

செங்கோலைப் பற்றி நம்மவர்களுக்குத் தனி உணர்ச்சி. 1947 ஆகஸ்டில் திருவாவடுதுறை ஆதீனம் அதை நேருவிடம் கொடுத்தது உண்மை. அதுதான் ஆட்சி மாற்றத்தின் அதிகாரபூர்வச் சடங்கு என்பதற்கு ஆவண பலம் போதாது. ஆட்சி மாறியது பிரிட்டிஷ் பாராளுமன்றம் இயற்றிய இந்திய சுதந்திரச் சட்டத்தால். அந்த மாதமே 'திராவிட நாடு' இதழில் அண்ணா இந்தச் செங்கோலைப் பற்றி எழுதி நேருவை எச்சரித்தார். 2023 மே 28ஆம் தேதி அது புதிய மக்களவையில் நிறுவப்பட்டது. குடியரசுத் தலைவரை அழைக்காத அந்தத் திறப்பு விழாவை எதிர்க்கட்சிகள் பலவும் புறக்கணித்தன. 2024 ஜனவரி 31ஆம் தேதி, விழாவுக்கு அழைக்கப்படாத அதே குடியரசுத் தலைவர் உரைக்கு வந்தபோது அவருக்கு முன்னால் செங்கோலை ஏந்திச் சென்றார்கள்.

செங்கோல் தமிழ் அடையாளமா, சைவ அடையாளமா, மன்னராட்சி அடையாளமா என்று நாம் மாதக்கணக்கில் விவாதித்தோம். என் கேள்வி சின்னது. அது யாரைக் கட்டுகிறது? தமிழ் மரபில் செங்கோல் என்ற சொல்லே வளையாமல் இருக்க வேண்டிய கடமையைச் சொல்வது. கோடினால் அது கொடுங்கோல். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற கோல் வளைந்ததா நிமிர்ந்ததா என்று கேட்கிற உரிமை எந்த உறுப்பினருக்கும் எந்த விதியிலும் இல்லை. அதே அவையில், கேட்கிற இடங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகின்றன. 2020 மழைக்காலத் தொடரில் கேள்வி நேரமே இல்லை. துணை சபாநாயகரை 'கூடிய விரைவில்' தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது 93ஆம் பிரிவு. 2014 முதல் 2019 வரை தம்பிதுரை இருந்த அந்த நாற்காலி, 17ஆவது மக்களவையின் ஐந்து வருஷமும் காலி; 18ஆவது மக்களவையும் முதல் வருஷத்தை அப்படியே கழித்தது. பி.ஆர்.எஸ். ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 15ஆவது மக்களவையில் 71 விழுக்காடு மசோதாக்கள் குழுவின் பரிசீலனைக்குப் போயின; 17ஆவதில் 16 விழுக்காடு. முதல் மக்களவை ஆண்டுக்குச் சராசரியாக 135 நாள் கூடியது. 17ஆவது, 55 நாள். 2023 டிசம்பரில் இரு அவைகளிலுமாக 146 உறுப்பினர்கள் இடைநீக்கத்தில் இருக்க, நாட்டின் குற்றவியல் சட்டங்கள் மூன்றும் மாறின. துணை சபாநாயகர், நிலைக்குழு, கேள்வி நேரம் எல்லாம் ஒப்புக்குச் சப்பாணி ஆகிவிட்டன. செங்கோலுக்கு மட்டும் குறையில்லை.

சடங்குக்கு வலிமை கிடையாது என்று டெல்லி நினைக்கிறதா என்றால் இல்லை. 1963இல் 16ஆவது திருத்தத்தின் மூலம், வேட்பாளரும் உறுப்பினரும் எடுக்கும் உறுதிமொழியில் இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்ற தொடரைச் சேர்த்தார்கள். குறி யார் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த ஆண்டு திமுக திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது. உறுதிமொழியில் ஒரு தொடர், ஓர் இயக்கத்தின் திசையைத் திருப்பும் காரணங்களில் ஒன்றாக இருந்திருக்கிறது. ஆக, மற்றவர்களைக் கட்ட வேண்டும் என்றால் சடங்கின் பலம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தங்களைக் கட்டுகிற சடங்கு வரும்போதுதான் அது நேர விரயம், காலனிய எச்சம், 'காரியத்துக்கு இடைஞ்சல்' ஆகிறது.

இங்கேதான் நம் எரிச்சல் அவர்களுக்குப் பயன்படுகிறது. 'எல்லாம் நாடகம்' என்று நாம் சொல்லும்போது, எண்ணிக்கை வாக்கெடுப்பையும் அல்வாவையும் ஒரே கூடையில் போடுகிறோம். கூடையை வாங்கிக்கொள்கிறவர் எண்ணிக்கையை எடுத்து வெளியே எறிந்துவிட்டு அல்வாவை வைத்துக்கொள்கிறார். 'நீங்கள்தானே சம்பிரதாயம் வேண்டாம் என்றீர்கள்?'

பகுத்தறிவு மரபில் வந்த நண்பர்களிடம் எனக்குக் கொஞ்சம் கூடுதல் வழக்கு உண்டு. சடங்கைக் கேலி செய்வதில் நமக்கு ஈடு கிடையாது. ஆனால் அந்த மரபின் கெட்டிக்காரத்தனம் கேலியோடு நிற்கவில்லை. புரியாத மந்திரத்தை எடுத்துவிட்டுப் புரிகிற உறுதிமொழியை வைத்தது. அதைச் சட்டத்திலும் ஏற்றியது. பாராளுமன்றத்துக்கும் அதே வேலை பாக்கி இருக்கிறது. எந்த மசோதாவும் பெயர்ப் பதிவோடு எண்ணப்படாமல் நிறைவேறக் கூடாது. இன்றைக்கு விரலை அழுத்தினால் விளக்கு எரிகிற வசதி இருக்கிறது, நேரமில்லை என்ற சாக்கு செல்லாது. எந்த மானியக் கோரிக்கையும் ஒருவராவது எழுந்து கேள்வி கேட்டு, அமைச்சர் பதில் சொல்லாமல் கில்லட்டினுக்குப் போகக் கூடாது. 'கூடிய விரைவில்' என்பதற்கு ஒரு நாள் கணக்கு வேண்டும். பெரிய புரட்சி எதுவும் இதில் இல்லை. அலுப்பான, வரிசைப்படியான, தொலைக்காட்சிக்கு லாயக்கில்லாத சடங்குகள்.

அடுத்த கூட்டத்தொடரில் நம் தொகுதி உறுப்பினர் செங்கோலுக்கு வணக்கம் வைத்தாரா, கறுப்புச் சட்டையில் போனாரா என்று பத்திரிகைகள் எழுதும். அதை விட்டுவிடலாம். 'நினைக்கிறேன்' என்று சபாநாயகர் சொன்ன அந்த இரண்டு விநாடியில் அவர் தன் இருக்கையில் இருந்தாரா, 'எண்ணுங்க' என்று கேட்டாரா என்று அவரிடமே கேட்போம். ஊருக்கு வரும்போது, மேடையில் வைத்து, நாலு பேர் முன்னால்.